பசிக்காத கப்பல்

அனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்திருந்தது.

பானையைத் தூக்கும்போதே யீ லானுக்கு அந்தக் கனம் உறைத்தது. இந்தக் கொள்ளைக் கப்பலில் அவள் சமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து பானை கனமாகத் திரும்பியதே இல்லை. கடைசிப் பருக்கைவரை விரலால் வழித்து, உள்சுவரை நக்காத குறையாகத்தான் அனுப்புவார்கள். போன வாரம்கூட ஒரு கருவாட்டுத் தலைக்காக இரண்டு பேர் கத்தியை உருவிக்கொண்டு நின்றார்கள். அப்படிப்பட்டவர்கள் தொடாமல் விட்ட சோறு, ஆவி அடங்கி, மேலே மெல்லிய தோல் விரித்ததுபோல் உலர்ந்து கிடந்தது. அகப்பையை விட்டுக் கிளறினாள். யாரோ சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அடிவரை கையை விட்டிருந்தார்கள். பானையின் அடியில் பிடித்திருந்த காந்தலை மட்டும் நகத்தால் பெயர்த்தெடுத்திருந்தார்கள். கரியின் மேல் நகக் கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன.

காந்தலுக்கு அலைகிற ஆள் இந்தக் கப்பலில் ஒருவன்தான் இருந்தான். அவள் தம்பி ஆ சோய். அவன் இப்போது கப்பலில் இல்லை.

நினைத்ததுமே அகப்பையைப் பானை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆத்திரம்தான். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

அரசாங்கப் படகுகள் சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று கிடங்கில் புகுந்து தண்ணீர்ச் சாடிகளை நொறுக்கியதில் தொடங்கியது எல்லாம். தப்பித்து வெளிக்கடலுக்கு வந்தார்கள். வந்ததும் காற்று விழுந்துவிட்டது. கப்பல் பாயில் இரவு படிந்த ஈரத்தைத் துணியில் ஒற்றி, வாயில் பிழிந்துகொண்டார்கள். அரிசி இருந்தது, வேகவைக்கத்தான் தண்ணீர் இல்லை. கடல்நீரில் வேகவைத்த சோற்றைத் தின்றவர்கள் தாகத்தில் உளறினார்கள். அரிசிச் சாராயத்தில் வெடிமருந்தைக் கலக்கிக் குடித்துவிட்டுச் சண்டைக்குப் பாய்கிற ஆட்கள், தண்ணீர் தண்ணீர் என்று பலகையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதார்கள். அரிசியோடு கம்பளிப்புழுவை வேகவைத்துத் தின்பது அவர்களுக்குப் பழக்கம்தான். கிடங்கில் எலிகளை விட்டு வளர்த்து, பிடித்து, உப்பிட்டு உலர்த்துவதும் பழக்கம்தான். ஆனால் அந்த நாட்களில் எலியைப் பிடித்ததுமே கழுத்தைக் கடித்து ரத்தத்தை உறிஞ்சினார்கள். அதையும் அவள் பார்த்தாள்.

பிறகு ஒரு தீவு தெரிந்தது. ஆள் ஓடிப்போன குடிசைகள், மேட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. அவள் புருஷன் தாக் வோ, கப்பலின் இரண்டாம் தலைவன், ஆ சோயைக் கூட்டிக்கொண்டு போனான். துடுப்புக்காரர்கள் கரையில் படகோடு நின்றார்கள். கிணற்றடிக்குப் போனது இவர்கள் இருவர்தான். காவடித் தண்டில் வாளி வாளியாகச் சுமந்து வந்து, குடிசைகளில் எடுத்துப் படகில் ஏற்றியிருந்த சாடிகளை நிரப்பியது தாக் வோ மட்டும்.

"ஓடிப்போயிட்டான்," என்றான் திரும்பி வந்து. "மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீன்படகு நின்னுச்சு. சரணடைஞ்சா மன்னிப்புன்னு சர்க்கார் சொல்லியிருக்குல்ல, அதான். ஏறிப் போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல."

கப்பலே ஆ சோயைக் காறித் துப்பியது. துப்புவதற்கு அன்று வாயில் எச்சில் இருந்தது, தண்ணீர் குடித்திருந்தார்கள். யீ லானும் குடித்தாள். அந்தத் தண்ணீர் இளநீரைப்போல லேசாக இனித்தது. குடித்துவிட்டு, அவளும் தம்பியைத் திட்டினாள்.

திட்டுவதற்கு அவளுக்கு மற்றவர்களைவிட உரிமை இருந்தது. சில வருஷங்களுக்கு முன் இதே கப்பல் அவர்கள் குடும்பத்தின் மீன்படகைப் பிடித்தது. பணம் கொடுத்து மீட்க ஆள் இல்லாதவர்களைக் கடலில் தள்ளுவது வழக்கம். துடுப்புப் பிடிக்க வலுவில்லாத ஆ சோயை விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள். அப்போது தாக் வோ முன்னால் வந்தான். அக்காவை எனக்குக் கட்டிக் கொடுத்தால் இவன் உயிருக்கு நான் பொறுப்பு என்றான். பின்தளத்தில் கடல் தேவியின் மாடத்துக்கு முன் ஒரு கிண்ணம் சாராயத்தைக் குடித்துச் சத்தியம் செய்தான். யீ லான் சரி என்றாள். கொலைகாரன் ஒருவனோடு படுத்து, எழுந்து, அவனுக்குச் சமைத்து, கடைசியில் அவன்மேல் ஒருவித ஒட்டுதலும் வந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்ற ஒட்டுதல். அவ்வளவையும் யாருக்காகச் செய்தாளோ, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அன்றிலிருந்து மூடுபனி. கடலும் வானமும் ஒரே வெள்ளைத் துணியாகிப்போயின. பாய்கள் ஈரத்தில் கனத்துத் தொங்கின. மரத்தோடு மரம் உரசுகிற சத்தம், கப்பலின் முன் அணியத்தில் சொட்டுச் சொட்டாக விழும் பனிநீர், கொளுத்திவைத்த ஊதுபத்தி மேலே ஏறாமல் பலகையோடு படிந்து ஊர்கிற வாசம். சாப்பாட்டு வேளை என்றால் இந்தக் கப்பல் முழுக்கச் சத்தமாக இருக்கும். உறிஞ்சல், எலும்பு நொறுங்கல், ஏப்பம், கெட்ட வார்த்தை. இப்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆட்கள் கிடங்கு வாயைச் சுற்றிச் சாய்ந்து கிடந்தார்கள். அவ்வப்போது ஒருவன் இறங்கிப் போவான். அகப்பை சாடியில் இடிக்கிற சத்தம் வரும். மடக் மடக்கென்று தொண்டை இறங்கும் சத்தம். பிறகு அமைதி.

பானைகள் நிறைந்தே திரும்பின. கருவாடு வறுத்துப் பார்த்தாள். ஒளித்து வைத்திருந்த உப்பு முட்டையை எடுத்துக் கப்பல் தலைவன் காவ்வுக்கு அனுப்பினாள். காவ் மலைபோல் உடம்புள்ளவன். பிணைக்கைதியின் கையில் இருப்பதைக்கூடப் பிடுங்கித் தின்பவன். முட்டை உடையாமல் வந்தது. காந்தல் மட்டும் ஒவ்வொரு முறையும் காணாமல் போனது.

எலிகளை யாரும் பிடிக்கவில்லை. அவை பகலிலேயே வெளியே வந்து ஆட்களின் கால்மேல் ஏறிப் போயின. பிறகு அவையும் அடங்கின. அரிசி எடுக்க இறங்கியபோது பார்த்தாள். அரிசி மூட்டையைச் சீண்டாமல், எலிகள் எல்லாம் சாடிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, மண் சுவரில் வியர்த்திருந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தன. ஆள் வந்தும் ஒன்றுகூட ஓடவில்லை.

சாப்பிட்டவன் தாக் வோ மட்டும்தான். அதுவும் யாரும் பார்க்காதபோது. பின்னறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆறிப்போன சோற்றைப் பிடி பிடியாக வாயில் அடைத்துக்கொண்டிருந்தவனை அவள் தட்டி மறைப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவன் உதடுகள் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்தில் சாராயக் குடுவை. யாருக்கும் பசிக்காத கப்பலில் இவனுக்கு மட்டும் இப்படிப் பசி. தண்ணீர் நிறைந்து வழியும் கப்பலில் இவனுக்கு மட்டும் உதடு வெடிப்பு.

ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினாள். அதைப் பார்த்ததும், பாம்பைக் கண்டவன்போல் அவன் உடம்பு பின்னால் போனது. வயிறு சரியில்லை, சாராயம்தான் கேட்கிறது என்றான். கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, ஒரு சொட்டும் மேலே படாமல், வெகு ஜாக்கிரதையாக வெளியே ஊற்றினான்.

அன்று மத்தியானம் பீரங்கிக்காரக் கிழவன் மோக் சமையலறை வாசலில் வந்து நின்றான். பல் ஒன்றுகூட இல்லாதவன். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காது. அவளை எப்போதும் பொண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

"காந்தல் எனக்குத்தான், அக்கா," என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போனவனைச் சொல்லிக் குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தாள்.

"பொக்க வாய்க்குக் காந்தல் கேக்குதா, தாத்தா? என் தம்பியச் சொல்லிக் கிண்டல் பண்ண வேற நேரம் கெடைக்கலையா?"

கிழவன் விழித்தான். தூக்கத்தில் நடந்தவனை உலுக்கியதுபோல் சுற்றும்முற்றும் பார்த்தான். அவன் வாயோரத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்து தாடியில் இறங்கியது.

"நான் என்ன கேட்டேன், பொண்ணே?"

அவன் போன பிறகுதான் அந்தக் குரல் அவள் காதில் மறுபடி ஒலித்தது. வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். குரல்? மோக்கின் குரல் மரப்பட்டையைத் தேய்ப்பதுபோல் கரகரப்பாக இருக்கும். அவள் கேட்டது இளசான, மூக்கடைத்த, சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல்.

பொழுது சாய்வதற்குள் தலைவன் காவ் வந்தான். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினான். ஆ சோய் குந்துகிற அதே இடம். அதே மாதிரி முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் இறால் விழுது தடவிக் குடேன், அக்கா. அத்தான் பாக்குறதுக்குள்ள."

அவள் பானையை அப்படியே விட்டுவிட்டுக் கிடங்குக்கு இறங்கினாள்.

உள்ளே மங்கலாக இருந்தது. ஓரத்தில் அரிசி மூட்டைகள், நடுவில் சாடிகள். இத்தனை பேர் நாள் முழுக்கக் குடித்தும் எல்லாச் சாடியிலும் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. குனிந்தாள். கடல் வாசம் இல்லை, மரத்தில் பூசிய எண்ணெய் வாசமும் இல்லை. பாசி. ஈரக் கல். வெயிலே படாத மண். நடுக்கடலில், கப்பலின் வயிற்றில், ஒரு கிணற்றின் வாசம்.

அகப்பையை விட்டாள். காம்பு முழுக்க உள்ளே போனது. கையும் போனது, முழங்கைவரை, தோள்வரை. சாடி அவள் இடுப்பு உயரம்தான். அடி தட்டவில்லை. விரல் நுனியில் தண்ணீர் மேலும் மேலும் குளிர்ந்தது.

கையை உருவிக்கொண்டாள். விரல்களைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. அவளுடைய நகங்களுக்குள் கரி. ஒவ்வொரு நகத்திலும், ஆழமாக, காந்தலின் கரி.

கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்தாள். தீவுக்கு முன்னால். அதன் பிறகு ஒரு வாய் சோறுகூட இறங்கவில்லை. பசிக்கவும் இல்லை. அவளுக்கு அது தோன்றக்கூட இல்லை.

அப்போது அது வந்தது. கனவுபோல் அல்ல, நினைவுபோல். அவளுடையதல்லாத ஒரு நினைவு. நாலாபுறமும் வழுக்கும் கல். கழுத்துவரை குளிர்ந்த தண்ணீர். இடுப்பில் இறுகிய கயிறு. மேலே, தூரத்தில், வட்டமாக ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு தலை. குனிந்து பார்க்கிறது. கயிறு அதன் கையில்தான் இருக்கிறது. இழுக்கவில்லை.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பக்கத்தில் படுத்து எழுந்த முகம்.

பின்னறைக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. தாக் வோ குடுவையோடு உட்கார்ந்திருந்தான். அவள் வாசலை மறைத்து நின்றாள்.

"கயிறு உங்க கையிலதான இருந்துச்சு," என்றாள்.

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. குடுவையைக் கீழே வைத்தான். பிறகு, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன்போல் சொல்லத் தொடங்கினான்.

"கெணத்துல தண்ணியே இல்ல, யீ லான். வெறும் சேறு. அவன்தான் எறங்குறேன்னான். கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கித் தோண்டினான். பொசுக்குன்னு ஊத்து பிடிச்சுக்கிச்சு. முழங்கால், இடுப்பு, நெஞ்சுன்னு ஏறுது. இழுங்க அத்தான்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். இழுத்தேன். சத்தியமா இழுத்தேன். நான் இழுக்க இழுக்கத் தண்ணி உள்ள போகுது. அவன் கால் வெளிய வந்ததும் அடி காஞ்சு கெடக்குது. மறுபடி எறக்கினேன். ஏறுது."

"எத்தன தடவ எறக்குனீங்க?"

அவன் குடுவையின் வாயை உள்ளங்கையால் மூடினான்.

"எறக்கிப் பாத்துட்டு என்ன பண்ணீங்க?"

"கயித்த மரத்துல கட்டினேன். வாளிய எடுத்தேன்." அவன் குரல் தேய்ந்தது. "இங்க இத்தன பேரு நாக்கு தள்ளிக் கெடந்தாங்க. நீயும்தான் கெடந்த. உனக்காகவும்தான்."

"என் பேர இழுக்காதீங்க."

"ஒவ்வொரு நடையும் திரும்பி வரும்போது சத்தம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. என்னத் திட்டவே இல்ல அவன். உன்னத்தான் கூப்பிட்டான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஓடிப்போனான் என்று அவனைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவன் கீழே நின்று அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் அவனையே குடித்துவிட்டு, அவனையே திட்டியிருக்கிறாள்.

"எனக்கும் அந்தத் தண்ணியக் குடுத்தீங்க," என்றாள். "மொதல் கிண்ணத்த உங்க கையாலதான் குடுத்தீங்க. நீங்க மட்டும் குடிக்கல."

வெளியே காலடிகள். வெறுங்கால்கள், நிதானமாக, பல.

அவள் விலகி நின்றாள். மூடுபனி அறைக்குள் நுழைந்தது. அதற்குப் பின்னால் ஆட்கள். தலைவன் காவ் முன்னால். கிழவன் மோக், துடுப்புக்காரர்கள், எல்லாரும். யார் கையிலும் ஆயுதம் இல்லை. காவ்வின் கையில் சுருட்டிய கயிறு. எல்லார் வாயோரத்திலும் தண்ணீர் வழிந்தது. எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்பு. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, வெட்கப்படுவதுபோல் சிரிக்கிற அந்தச் சிரிப்பை அவள் தொட்டிலில் பார்த்திருக்கிறாள்.

"அத்தான்," என்றான் காவ். "சாடியில தண்ணி கொறையுது. கொஞ்சம் எறங்கிப் பாருங்களேன்."

தாக் வோ கத்தியை எடுத்தான். முதலில் நெருங்கிய துடுப்புக்காரனின் கையில் வெட்டினான். காயத்திலிருந்து தெளிந்த தண்ணீர் வழிந்தது. வெட்டுப்பட்டவன் கையைப் பார்க்கக்கூட இல்லை. கத்தியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான். அடிக்கவில்லை, இழுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அழைத்துப்போவதுபோல் தோளில் கைபோட்டு நடத்திப் போனார்கள். கிடங்கு வாயில் வைத்து அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். முடிச்சை மோக் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். அத்தானுக்கு வலிக்கிறதா என்று அந்த இளசான குரலில் விசாரித்தான்.

"யீ லான், நீ சொல்லு. நீ சொன்னா உன் தம்பி கேப்பான்," என்றான் தாக் வோ.

அவள் கிடங்கு வாயின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

கீழே இறக்கினார்கள். உள்ளே சாடி ஒன்று உடைந்தது. இன்னொன்று. பிறகு எல்லாம். தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். அந்தச் சாடிகளில் அடங்காத தண்ணீர்.

காவ் கயிற்றின் நுனியை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றார்கள்.

"இழு, யீ லான். இடுப்புக்கு வந்துடுச்சு."

இழுத்தாள். உடம்பின் பழக்கம் அது. யாராவது கத்தினால் இழுக்கும். கயிறு ஒரு முழம் ஏறியது. கீழே தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. உடனே சுற்றி நின்றவர்களின் உதடுகள் அவள் கண்முன்னே வறண்டு வெடித்தன. நாக்குகள் கறுத்துத் தடித்தன. அவள் தொண்டையும் மணலாகிப்போனது. யாரும் கெஞ்சவில்லை. பார்த்தார்கள்.

"விட்டுடாத. விட்டுடாத."

மாடத்துக்கு முன்னால் அவன் குடித்த கிண்ணம் ஞாபகம் வந்தது. இவன் உயிருக்கு நான் பொறுப்பு.

அவளுக்குள் இருந்த ஆ சோய் எதுவும் கேட்கவில்லை. இழு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. அடிக்கிணற்றில் நிற்பவன்போல் பேசாமல் நின்றான். விரல்களைத் திறந்தது அவள்தான்.

கயிறு ஓடியது. நெஞ்சுக்கு வந்துவிட்டது, கழுத்துக்கு வந்துவிட்டது என்று கீழிருந்து கத்தல் வந்தது. அவள் பெயர் பாதியில் நீருக்குள் போனது. குமிழிகள் வந்தன. பிறகு சின்னக் குமிழிகள்.

தண்ணீர் கிடங்கு வாயின் விளிம்புவரை ஏறி நின்றது. இவ்வளவு நீரைச் சுமந்த கப்பல் மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. பளிங்குபோல் தெளிந்திருந்தது நீர். அரிசி மூட்டைகள் உப்பி வெடித்து, அரிசி வெள்ளைப் புழுக்களாக மிதந்தது. அடியில் தாக் வோ நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்த முகம். திறந்த வாய். தலைமுடி மட்டும் அசைந்தது.

ஆட்கள் மண்டியிட்டார்கள். விளிம்பைச் சுற்றித் தலைகள் குனிந்தன. மாடுகள் குடிப்பதுபோல், கையை உபயோகிக்காமல், உதட்டை நீரில் வைத்துக் குடித்தார்கள். நெடுநேரம் குடித்தார்கள். அவள் குடிக்கவில்லை. தொண்டை எரிந்தது. நின்றாள்.

முதலில் தலையைத் தூக்கியவன் மோக். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கண்கள் குழிந்து, தாடை முன்னால் தள்ளியிருந்தது.

"யீ லான்," என்றான். தாக் வோவின் குரல். அவள் பெயரின் கடைசி எழுத்தை அவன் இழுக்கிற அதே இழுப்பு. "பசிக்குது."

"பசிக்குது," என்றான் காவ்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சமையலறைக்குள் போனார்கள். ஆறிய சோறு போன இடம் தெரியவில்லை. கருவாடு முள்ளோடு போனது. இறால் விழுதுச் சாடியை உடைத்துச் சில்லுகளை நக்கினார்கள். பச்சை மாவு. விளக்கெண்ணெய். மெழுகுவர்த்தி. எலிகளை மயிரோடு மென்றார்கள். தோல் வாரைக் கடித்து இழுத்தார்கள். ஊதுபத்திச் சாம்பலை மாடத்திலிருந்து வழித்துத் தின்றார்கள். மெல்லுகிற சத்தம். பல் இல்லாத ஈறு மரத்தில் உராய்கிற சத்தம்.

பிறகு அதுவும் நின்றது. தின்ன ஒன்றும் மீதி இல்லை.

யீ லான் கப்பல் விளிம்புவரை பின்னால் நகர்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. கடல் எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. அவள் வாய் தானாகத் திறந்தது. அவளுடையதல்லாத இளசான குரல் ஒன்று, மிக மெதுவாக, அவள் உதட்டிலிருந்தே வந்தது.

"ஓடு, அக்கா."

எங்கே.

பனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். அவசரப்படவில்லை. அவளைச் சுற்றி வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தாக் வோ சாப்பாட்டுக்கு உட்கார்வதுபோல், இடது கையைத் தொடையில் ஊன்றி, எல்லாரும் ஒரே மாதிரி. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு காலிக் கிண்ணம். எச்சில் மோவாயில் வழிந்து கிண்ணத்தில் சொட்டியது. யாரும் பேசவில்லை. பரிமாறும்வரை காத்திருக்கிறவர்களின் பொறுமையோடு, அவளையே பார்த்துக்கொண்டு, கிண்ணங்களை நீட்டினார்கள்.